வடிகட்டி அக்காவும் எக்ஸ்ரே படங்களும்

மருத்துவமனையின் சர்வரைக் கவனித்துக்கொள்பவளுக்கு 'வடிகட்டி அக்கா' என்ற பெயர் சும்மா வரவில்லை. இணையத்தில் போடும் டோக்கன் பட்டியலில் நோயாளிகளின் போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எவனோ ஒருவன் ஒரு பெண்ணை ஓயாமல் அழைத்துத் தொல்லை கொடுத்தான். அவள் வரவேற்பறையில் நின்று அழுததை அக்கா பார்த்தாள். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு வடிகட்டி எழுதினாள். சர்வரை விட்டு வெளியே போகிற எதிலும் பத்து இலக்கங்கள் சேர்ந்து வந்தால் அவை நட்சத்திரக் குறிகளாகிவிடும்.

அந்த 'எதிலும்' என்பதுதான் வினையாகிப் போனது. எக்ஸ்ரே படங்களுக்குள்ளும் நீளநீளமான எண்கள் ஒளிந்திருக்கும், அவை நட்சத்திரமானால் படமே கெட்டுப்போகும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் எக்ஸ்ரே அறைக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "ஏம்மா, ஒரு படமும் திறக்க மாட்டேங்குது. டாக்டர் என்னைப் போட்டு வறுத்தெடுக்குறார்!"

பின்னாலேயே வந்த மேலாளர், "நாலு மணிக்குள்ள அந்த வடிகட்டியத் தூக்கிடும்மா" என்றார்.

தூக்கினால் அந்தப் பெண்ணின் நம்பர் மறுபடியும் ஊருக்கே தெரியும். அக்கா விடவில்லை. "தூக்க வேணாம் சார். எதை வடிகட்டணும், எதை விட்டுடணும்னு வகைவகையாப் பிரிச்சுச் சொல்லிக்குடுத்துடறேன்."

இணையப் பக்கம் என்றால் எண்ணை மறை, படம் என்றால் தொடாதே என்று வடிகட்டியின் விதிகள் இருக்கும் அமைப்புக் கோப்பில் எழுதினாள். மூன்றரைக்குச் சோதித்தால் அப்போதும் படம் திறக்கவில்லை. கோப்பின் பெயரை வைத்து வகை பிரித்திருந்தாள். நம் எக்ஸ்ரே அறைக்காரரோ தன் படங்களுக்கு 'முட்டி ரெண்டு', 'பழைய முதுகு' என்று வாய்க்கு வந்தபடி பெயர் வைக்கிற மகராசன். அது படம் என்று சொல்ல அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பெயரை விட்டுவிட்டு, கோப்புக்குள் எட்டிப் பார்த்துச் சர்வர் சொல்லும் வகையை மட்டுமே நம்பும்படி மாற்றினாள்.

நாலாக ஐந்து நிமிடம் இருக்கையில் முட்டி ரெண்டும் திரையில் வந்தன. டோக்கன் பட்டியலில் நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. மேலாளர், "சரி, இருக்கட்டும்" என்று இறங்கிப் போனார்.

எக்ஸ்ரே அறைக்காரர் மட்டும் நகரவில்லை.

"என் பொண்ணும் இங்கதான் காட்டிக்கிறா. அவ நம்பரும் மறைஞ்சிருக்காம்மா?"

"மறைஞ்சிருக்குண்ணே."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "இனிமே நானே வந்து சண்டை போட்டாலும் இதைத் தூக்கிடாத."