தாண்டினது வள்ளமோ, திட்டியோ

சண்டைக் காலத்தில இறக்கக்கண்டிக் கடலில எங்களுக்கு எல்லை எண்டால் ஒரு திட்டிதான். செத்த பவள முருகைக்கல்லுக் குமிஞ்சு வந்த குட்டித்தீவு. அதுக்கு அங்கால போனால் வள்ளத்தைப் பறிப்பம் எண்டு கரையில காவலுக்கு நிண்ட நேவிச் சென்றிப் பெரியவர் சொல்லியிருந்தார். சிங்கள ஆள், தமிழ் நல்லாக் கதைப்பார். எங்கட கருவாட்டில அவருக்கு ஒரு ஆசை, அது வேற கதை.

மாரியில பெரிய புயல். கடல் திட்டிக்கு மேலால ஏறி ஓடினதைக் கண்டு, திட்டி முடிஞ்சுது எண்டு ஊரே சொன்னது. கடல் இறங்கப் பாத்தால் கிடக்குது, முந்தியிலும் உயரமா.

காத்து விட்ட உடன என்ர மச்சான், மனிசியின்ர தம்பி, வழமையான இடத்தில வலை போட்டான். கரையில நிக்கிற பனையையும் கோயில் கூரையையும் நேர் பிடிச்சு இடம் பாக்கிறவன், திட்டியைத் திரும்பியும் பாக்கமாட்டான். எல்லை தாண்டினதெண்டு நேவிக்காரர் வலையைக் கடலில விட்டு வள்ளத்தைக் கொண்டுபோட்டினம். சித்திரையில அவனுக்குக் கலியாணம். வள்ளமில்லாதவனுக்குப் பெண் இல்லை எண்டு பெண்ணின்ர தேப்பன், புல்மோட்டை மாமனார், முகத்துக்கு நேர சொன்ன மனிசன்.

அவனையும் கூட்டிக்கொண்டு சென்றிக்குப் போனனான். நான் பக்குவமாக் கதைக்க நினைக்க, அவன் முந்தியிட்டான்.

"ஐயா, நான் தாண்டேல்லை. திட்டிதான் என்னைத் தாண்டி வந்திட்டுது."

குடிச்சிருக்கிறானோ எண்டு பெரியவர் என்னைக் கேட்டார். எனக்குப் பயத்தில சிரிப்பு முட்டுது, அடக்க ஏலாது.

கடைசியில தங்கட படகில எங்களையும் ஏத்திக்கொண்டு பாக்கப் போனார். எல்லைக்கெண்டு அவரே திட்டியின்ர நட்டநடுவில இறுக்குவிச்ச இரும்புக் கம்பம், வளைஞ்சு, கடல்பக்கத் தண்ணிக்குள்ள தனிய நிக்குது. கடல் அந்தப்பக்கக் கல்லை அள்ளி இந்தப்பக்கம் கொட்டிக் கொட்டி, தீவையே கரைப்பக்கம் உருட்டியிருக்கு. மச்சான்ர வலை மிதவை கம்பத்துக்கு இங்கால ஆடுது.

பெரியவர் கம்பத்தைப் பாத்தார், மிதவையைப் பாத்தார். "அப்ப இதைத்தான் பிடிச்சு அடைக்கவேணும்," எண்டு திட்டியைக் காட்டினார். மச்சான் சிரிச்சு நிலைதவறிக் கடலுக்குள்ள விழுந்தான். கம்பத்தை இனி எங்க இறுக்கிறது எண்டு பெரியவர் யோசிக்க, இவன் தண்ணிக்குள்ள நிண்டு சொல்லுறான்:

"இறுக்காதேங்கோ ஐயா. திட்டியைக் கயித்தில கட்டுங்கோ."

அண்டைக்குப் பின்னேரமே வள்ளத்தை அவிட்டுத் தந்தார். வாற வழியெல்லாம் சிரிப்பு. துடுப்புப் பிடிக்க ஏலாமல் வள்ளம் வட்டம் வட்டமாச் சுத்துது. வள்ளம் பறிபட்ட கதை கேட்டு மாமனார் வந்து கரையில நிண்டவர். கன நேரம் பாத்துப்போட்டு என்னட்டக் கேட்டார்:

"வள்ளம் இருக்குது, சரி. மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாதோ?"