சேவல் இருந்த இடத்தில் உலகம்

ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். முன்பெல்லாம் சால்வை போர்த்துவார்கள். மடித்து வைத்திருந்து அடுத்த விழாவில் வேறு யாருக்காவது போர்த்திவிடலாம். இப்போது சால்வைக்குப் பதில் புத்தகம். முதல் பக்கத்தில் என் பெயரையும் எழுதிவிட்டதால் கைமாற்ற வழியில்லை. வியாபாரத்தையும் உலகமயமாக்கலையும் பற்றிய தடித்த புத்தகம். படித்துத் தொலைத்தேன்.

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள கரிசல் காடெல்லாம் மழைக்கு ஏங்கும்போது, குச்சி காயவேண்டுமே என்று மேகத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் நான். ஆகவே பயம் புதிதில்லை. ஆனால் அதுவரை உள்ளூர் மேகத்துக்குத்தான் பயந்தேன். புத்தகம் என்னைக் கண்டம் கண்டமாகப் பயப்பட வைத்தது. வைத்திய நூல் படிக்கிறவனுக்கு எல்லா நோயும் தனக்கே இருப்பதாகத் தோன்றுமே, அந்தக் கதைதான். எந்தத் தேசத்தில் எந்தத் தொழில் நொடித்தாலும் எனக்கு வியர்த்தது. கப்பலில் வந்து இறங்கும் லைட்டர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நானே சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் எங்கள் அடுப்படி ஆணியிலேயே எதிரி தொங்குவதைக் கண்டேன். கேஸ் லைட்டர். தீப்பெட்டிக்காரன் வீட்டில் இது எதற்கு என்று மனைவியிடம் கேட்டேன்.

“நீங்க தீப்பெட்டி போடுதீங்கன்னு நான் விரலச் சுட்டுக்கிடணுமாக்கும்?” என்றாள்.

காலத்துக்கேற்ப முகத்தை மாற்றாத வியாபாரம் பிழைக்காது என்று ஓர் அத்தியாயம் சொன்னது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இனிமேல் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. சரி, பெட்டியின் முகத்தை மாற்றுவோம் என்று முடிவுசெய்தேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் லேபிளில் இருப்பது ஒரு சிவப்புச் சேவல். அதை எடுத்துவிட்டு நீல நிறத்தில் உலக உருண்டையைப் போடும்படி சிவகாசி அச்சகத்தில் சொன்னேன். படம் வந்ததும், இதில் நம் ஊர் எங்கே என்று வரைந்தவரிடம் விசாரித்தேன். அது உருண்டைக்குப் பின்பக்கம் இருக்கிறது என்றார். எப்படியோ இருக்கிறதல்லவா என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் சரக்கு முழுவதையும் எடுப்பவர் வடக்கே உள்ள ஒரே மொத்த வியாபாரி. அவருக்கு உலகம் லாரியில் போனது. கொஞ்ச நாளில், இடையில் நின்று வியாபாரத்தை முடித்துக் கொடுக்கிற உள்ளூர் புரோக்கர் பைக்கில் வந்தார்.

“அண்ணாச்சி, சேவல் எங்க?”

உலகமயமாக்கலை விளக்க ஆரம்பித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருப்பது அதே குச்சி, அதே மருந்து என்று முடித்தேன்.

“குச்சிய யாரு பாக்கா? அங்கன கடைக்கு வாரவிய பேரு சொல்லியா கேக்காவ? ‘சேவல் குடு’ம்பாவ. உருண்டைய நீட்டுனா, இது போலி, வேண்டாங்காவளாம்.”

சரக்கு திரும்பி வந்துகொண்டிருந்தது. அடுத்த லோடிலும் சேவல் இல்லையென்றால் வேறு யூனிட்டில் வாங்கிக்கொள்வதாக வியாபாரி சொல்லிவிட்டாராம். அவர் போனால் யூனிட்டுக்குப் பூட்டுத்தான். பெட்டி அடைக்கும் பெண்கள் வேறு வேலை தேட வேண்டியதுதான். அந்நியன் வந்து செய்துவிடுவான் என்று நான் நடுங்கிய காரியத்தை, ஒரு புத்தகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே முக்கால்வாசி முடித்திருந்தேன்.

சிவகாசிக்கு ஓடினேன். அச்சகத்தில் சேவலை அழிக்காமல் வைத்திருந்தார்கள். நான் திரும்பி வருவேன் என்று தெரியுமாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சேவல் லோடு கிளம்பியபின் நான் புத்தகத்தைத் தொடவில்லை. பேன்ட் பையில் இருந்த போனைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு வழியாகப் புரோக்கர் கூப்பிட்டார். சேவல் போய்ச் சேர்ந்துவிட்டது, அடுத்த லோடும் கேட்கிறார்கள் என்றார். கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்த உலக உருண்டைகளில் ஒரு பண்டல் வீட்டுக்கு வந்தது. கேஸ் லைட்டரில் வருவது வெறும் பொறி. அதில் விளக்குத் திரி பற்றாது. ஆகவே சாமி விளக்குக்கு மட்டும் எங்கள் வீட்டிலும் தீப்பெட்டிதான். அன்று மாலை உள்ளேயிருந்து உரசும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. வெளிச்சம் வரவில்லை. வடக்கேயிருந்து திரும்பி வரும் வழியில் லாரி மழையில் மாட்டியிருந்தது.

“ஏங்க, உங்க உலகம் நமுத்துப் போச்சு. ஒரு சேவல் எடுத்துட்டு வாங்க.”