நூறு கேட்டால் நூற்று நாலு

ஆதிலக்ஷ்மி டீச்சர் ஆத்தூர் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் ஊர் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தது 1973 ஜூன் மாதம். தென்திருப்பேரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அந்த ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். மற்றவர் தலைமையாசிரியர் சிவனணைந்தபெருமாள்.

அவரைப் பொறுத்தவரை பள்ளிக்கு முதல் வேலை சுவருக்கு வெள்ளையடிப்பது, அடுத்தது வாய்ப்பாடு. “ரோட்டுல போறவனுக்கும் கேக்கணும்” என்பார். பிள்ளைகளும் பாடினார்கள். ஆனால் “எட்டேழு எவ்வளவு?” என்று கேட்டால், ஓரேழிலிருந்து பாடத் தொடங்குவார்கள்.

“மூணாங்கிளாஸை எங்கிட்ட விடுங்கோ சார். முதல்ல கையால எண்ணட்டும், தானா படிக்கட்டும். மத்ததெல்லாம் அப்புறம்.”

“இன்ஸ்பெக்டர் வாரது வரைக்கும் நடத்துங்க. அவரு சரின்னா சரி. இல்லன்னா பழையபடி பாட்டுதான் டீச்சர்.”

புன்னைக்காயலிலிருந்து மீன் கொண்டுவரும் மரியான், சைக்கிளில் ஒரு கோணி சிப்பி கொண்டுவந்து கொட்டினார். “மீனே வாங்காத டீச்சரம்மா, எங்கிட்ட கேக்கது இது ஒண்ணுதான்” என்று சிரித்தார். அன்றிலிருந்து கணக்கெல்லாம் சிப்பியில்தான்.

ஜனவரியில் இன்ஸ்பெக்டர் வந்தார். வெற்றிலைச் சிவப்பேறிய வாய். சந்தனமாரியைக் கூப்பிட்டு, “நூறு சிப்பி எண்ணி வை” என்றார். அவள் ஐந்தைந்தாகத் தள்ளி ஒரு நொடியில் குவித்தாள். அவர் பொறுமையாக எண்ணினார். நூற்று நாலு. அடுத்து தளவாயைக் கூப்பிட்டார். அவன் குவியலிலும் நூற்று நாலு.

“மூணாங்கிளாஸ்ல நூறு தெரியாத பள்ளிக்கூடத்தை இப்பத்தான் பாக்கேன்.”

தலைமையாசிரியர் பிடரியைத் துடைத்துக்கொண்டார். “நான் அப்பமே சொன்னேன்லா” என்று முணுமுணுத்தார்.

டீச்சர் இரண்டு குவியலையும் மாறிமாறிப் பார்த்தார். ஏழு மாதமாகப் பத்தும் ஐம்பதுமாக எண்ணவைத்தவர், முழு நூறை ஒரே குவியலாக ஒருநாளும் கேட்டதில்லை. தவறு தன்னுடையதுதான். இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே தவறு எப்படி வரும்?

“ஏண்டி, நாலு கூட வச்சிருக்கே?”

சந்தனமாரி டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “கிழிசல் வந்துட்டா என்ன டீச்சர் செய்ய? நாலு போடாம நூறு குடுத்தா எங்கப்பா வைவாவ.”

அந்த ஊரில் நூறு வெற்றிலை ஒரு கவுளி. கிழிந்த இலைக்கு ஈடாக மேலே நாலு வைத்துத்தான் கட்டுவார்கள். காலையில் கவுளி அடுக்கிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, நூறு முடிவதே அந்த நாலாவது இலையில்தான்.

இன்ஸ்பெக்டரின் மீசை அசைந்தது. “அப்போ மூணு கவுளியில எத்தனை இலை?”

பாட்டு எழவில்லை. அவள் கூரையைப் பார்த்தாள். “முந்நூத்திப் பன்னெண்டு.”

“அஞ்சு கவுளி?”

“ஐநூத்தி இருவது.”

“கிழிசல் போனா ஐநூறுதான் ஐயா” என்றான் தளவாய், ஏமாந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: ‘மூன்றாம் வகுப்பு இதே முறையில் தொடரலாம். பள்ளிக்குள் நூறு என்பது நூறே என்பதையும் கற்பிக்கவும்.’

மறுவாரம் தலைமையாசிரியரே மரியானை நிறுத்தி, “ஏலே, ரெண்டாங்கிளாஸுக்கும் ஒரு கோணி வேணும்” என்றார்.

அடுத்த முறை வந்த இன்ஸ்பெக்டர், உட்காரும் முன்பே சந்தனமாரியைத் தேடினார். “போன தடவை பஸ் ஏறுமுன்ன ஒரு கவுளி வாங்கினேன். எண்ணிப் பாத்தா நூத்தி மூணுதான்.”

அவள் எழுந்து நின்றாள். “யாருகிட்ட வாங்கினிய ஐயா?”