செல்லாத கத்தி

கிரிமினல் வக்கீல் தொழிலில் கொலைகாரனைவிட அரக்கு முத்திரையைப் பார்த்தால்தான் பயம் அதிகம். வாய்தா வாங்கியே நொந்துபோன உங்களுக்கு நான் சொல்வது புரியும். பெங்களூரில் எனக்கு வந்த ஒரு கொலை வழக்கு இது. நீலசந்திராவில் பெயின்டர் சேகரை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. கூட வேலை செய்த ரவியைப் பிடித்தார்கள். அவன் வீட்டில் எடுத்ததாகச் சொன்ன கத்திதான் மொத்த கேஸும். நான் ரவியின் வக்கீல்.

பாதிதான் செல்லும்

"நான்தான் குத்தினேன், கத்தியைத் தண்ணி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்" என்று ரவி சொன்னதாகப் போலீஸ் எழுதியிருந்தது. இதில் 'குத்தினேன்' என்பது போலீஸிடம் சொன்னது என்பதால் கோர்ட் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. கத்தி அங்கே கிடைத்திருந்தால், ஒளித்துவைத்ததாகச் சொன்ன பேச்சு மட்டும் செல்லும். ஜெயிலில் இதை விளக்கி முடித்தேன். ரவி என் முகத்தையே பார்த்தான்.

"மேடம், நான் ரெண்டையுமே சொல்லலையே, அதுக்குச் சட்டத்துல எங்க இடம்?"

பஞ்சாயத்தார்

கத்தியை எடுக்கும்போது அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் பஞ்சாயத்தாராகக் கூட நின்று பார்த்து, எடுத்ததை எழுதிவைக்கும் மகஜரில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கேஸில் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ஸ்டேஷன் எதிரே டீக்கடை வைத்திருக்கும் மஞ்சுநாத். குறுக்கு விசாரணையில், கத்தியை ஸ்டேஷன் மேஜைமேல்தான் பார்த்தேன் என்று போட்டு உடைத்துவிட்டார். கிழிஞ்சது போங்க! அரசு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று ஜட்ஜ் அதட்டினார்.

"மாட்டேன்னா, நாளைக்கு நான் எங்க, ஸ்வாமி, அடுப்பு பத்த வைக்கிறது?"

அரக்கு

கத்தியில் இருந்தது சேகரின் ரத்தம்தான் என்று லேப் ரிப்போர்ட் வந்தது. ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். லேபுக்குப் போன பொட்டலத்தில் இருந்த அரக்கு முத்திரை, மகஜரில் வைத்த முத்திரை இல்லை. நடுவில் யார் பிரித்தார்கள்? ஸ்டேஷன் சாமான்களுக்குப் பொறுப்பான கான்ஸ்டபிளைக் கூண்டிலேயே கேட்டேன். மழையில் ரூம் ஒழுகியதாம், நனைந்ததை மாற்றிக் கட்டினாராம். பாவம், நல்லது செய்ததாகத்தான் நினைத்திருக்கிறார்.

"பொட்டலம்தான் மேடம் புதுசு, கத்தி அதேதான்!"

தீர்ப்பு

கத்தியை ஏற்க முடியாது என்றார் ஜட்ஜ். ரவி விடுதலை. அவன் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது. பொய் மகஜரை நம்பி ஒருத்தனை உள்ளே தள்ளக்கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படியிறங்கும்போது சேகரின் அம்மா பாக்கியம் வழிமறித்தார். ஹெப்பகோடியில் கார்மென்ட்ஸ் வேலை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"கத்தி செல்லாதுன்னு ஆயிடுச்சு. என் புள்ள செத்தது செல்லும்தானே, வக்கீலம்மா?"

நான் ஜெயித்த வழக்குதான். ரெக்கார்டுப்படி இன்றுவரை சேகரை யாருமே குத்தவில்லை.