நன்மை வாங்காதவன்

அக்கா மகன் கல்யாணத்துக்கு முதல் நாளே அக்கா போனில் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு ஒரே ஆசைதான்டா. நீ நன்மை வாங்கறதப் பாக்கணும். பேச முடியலன்னா என்ன, அம்மா மனசு எனக்குத் தெரியாதா? ஒரு தடவை வாங்கிக்க. என்னா கொறஞ்சிடப் போற?"

நன்மை என்பது கத்தோலிக்கப் பூசையில் சாமியார் தரும் வெள்ளை அப்பம். நான் அதை வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "புரிஞ்சிருந்தா வுட்டிருப்பியா? உனக்கு வேதமே புரியல" என்பது அக்காவின் நிரந்தரத் தீர்ப்பு. எனக்கு அது பொறுக்காது. ஞான உபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியவன் நான். அவள் அந்த வகுப்பில் தூங்கியவள்.

நான் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. வருடக்கணக்கில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஒரு நாள், எதிரில் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு நல்லம்பள்ளியில் என் வீட்டு ஞாயிற்றுக்கிழமை போல நீளமான நாள் வேறில்லை. ஒரே பேப்பரை இரண்டு முறை படிக்கிறேன். விட்டு வந்தவர்களுக்கென்று எங்கும் கூட்டம் நடப்பதில்லை.

அரூர் பக்கத்து மாதா கோயிலில் கல்யாணப் பூசை. முன்வரிசை ஓரத்தில் அம்மாவின் சக்கர நாற்காலி, பக்கத்தில் நான். போன வருடம் வந்த வாதத்தில் அம்மாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கண் மட்டும் பழைய கண்தான், எதையும் விடாது.

நன்மை கொடுக்க ஆரம்பித்ததும் எல்லோரும் வரிசைக்கு எழுந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் அத்தானின் ஆபீஸ் நண்பர், நெற்றியில் விபூதியோடு.

"நாமளும் போயி பிரசாதம் வாங்கிக்கலாங்களா?" என்றார்.

"அது பிரசாதம் இல்லைங்க. நம்பறவங்களுக்கு அது சாமியேதாங்க. நம்பாம வாங்கக் கூடாது."

"அப்படிங்களா! நீங்க போகலைங்களா?"

"இல்லைங்க."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். வரிசையில் ஒருவர் போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். வேதம் புரிந்தவர் போலிருக்கிறது. அத்தனை பெஞ்சும் காலியாகி, நாங்கள் மூவர் மட்டும் மிஞ்சினோம். வீம்பு பேசுகிறவன்தான் நான், ஆனாலும் அழுகை வந்தது.

நடக்க முடியாதவர்களைத் தேடி சாமியாரே இறங்கி வந்தார். ஊருக்குப் புதியவர், சின்ன வயது. அம்மாவின் முன் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திரு உடல்" என்றார்.

ஆமென் என்று பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் நிலைமை தெரியாமல் சாமியார் காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். ஆமென் என்பது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை இல்லை, ஆமாம், இதை நம்புகிறேன் என்று அர்த்தம். அது அம்மாவின் நம்பிக்கை. வாய் மட்டும்தான் என்னுடையது.

"ஆமென்" என்றேன்.

அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஆமென் சொன்னவன் நான் என்பதால் சாமியார் அடுத்த அப்பத்தை என்னிடம் நீட்டினார். வரிசையிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்காகத்தானே, ஒரே ஒரு தடவை. வாயைத் திறந்துவிட்டேன்.

அம்மாவின் கை குறுக்கே வந்து என் வாயைப் பொத்தியது. அவள் தலை, வேண்டாம் என்று அசைந்தது. சாமியார் என்னை ஆசீர்வதித்துவிட்டு நகர்ந்தார். கை மட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. எனக்குப் புரிந்திருந்தது என்று அவளுக்கு எப்போதுமே தெரியும். அதனால்தான் என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டாள்.

வாத உடம்பு, கை தானாக இழுத்துக்கொண்டது என்கிறாள் அக்கா. வாதம் வந்தது வலது கையில். என் வாயைப் பொத்தியது இடது கை.