விஜயஸ்ரீயின் கனநீர்

விஜயஸ்ரீ ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை. பாளையங்கோட்டைக்காரி. சிரிப்பைக்கூட எண்ணித்தான் செலவழிப்பாள்.

மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. நியூட்ரான்களைப் பொருளுக்குள் செலுத்தினால் அவை அணுக்களில் மோதிச் சிதறும். சிதறி வருவதன் ஆற்றலை அளந்தால் உள்ளே நடக்கும் ஆட்டம் தெரியும். இதில் ஹைட்ரஜன் கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி. அது கத்தினால் வேறெதுவும் காதில் விழாது. விஜயஸ்ரீக்கு வேண்டியதோ, களிமண் பொடிக்குள் ஒட்டியிருந்த ஒரு மருந்து மூலக்கூறின் அதிர்வு மட்டும். அதனால் பொடியிலிருந்த சாதாரணத் தண்ணீரை விரட்டிவிட்டு, ஹைட்ரஜனின் கனமான வகை கொண்ட, நியூட்ரான் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத கனநீரை ஏற்றினாள். ஒரு சின்னக் குப்பிக்கு மூன்று வருடம் போனது. ஈரக்காற்று பட்டால் போச்சு என்று மூடிக்கு மேல் டேப் சுற்றி வைத்தாள்.

மும்பை அணு உலையில் நியூட்ரான் விட்டு அளக்க அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் இடம் கிடைத்தது. டிசம்பரோடு உதவித்தொகை முடிகிறது. அந்த அளவீடு இல்லையென்றால் பட்டம் இல்லை. அப்பா பார்த்துவைத்திருந்த வள்ளியூர் பள்ளிக்கூட வேலைதான்.

போனாள். அளந்து வந்த வரைபடம் முழுக்கத் தண்ணீரின் கத்தல். வெறும் தண்ணீர். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்துவிட்டது. ஏனென்று அங்கே யாருக்கும் புரியவில்லை.

திரும்பி வந்தவளிடம், அழுது தொலையேன் என்றேன்.

“வரமாட்டேங்கு ப்ரியா. ஒண்ணுமே வரமாட்டேங்கு” என்றாள். சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எல்லாம் மரத்துப்போயிருந்தது. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை, கூடத்தைப் பெருக்கும் ஆவுடைத்தாய் அக்கா வாரியலை ஓரமாகச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஏம்மா, மும்பைச் சோலி முடிஞ்சிட்டா? சரஸ்வதி பூசைக்கு எல்லா மிசினுக்கும் பொட்டு வச்சம்லா, அன்னைக்கு ஒன் குப்பில மட்டும் டேப்பப் பையப் பிரிச்சு உள்ளயே ஒரு சொட்டு விட்டேன். குறுக்குத்துறை தீர்த்தம். பொறவு பழையபடி சுத்தி வச்சிட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். விஜயஸ்ரீ என் கையை அழுத்தினாள்.

“நல்லா முடிஞ்சிட்டுக்கா.”

“அப்ப அடுத்த வருசமும் விட்டுருவோம்.”

“அடுத்த வருசம் நான் இங்கன இருக்க மாட்டேன்க்கா. வள்ளியூர்ல டீச்சர் வேலைக்குப் போறேன்.”

ஆவுடைத்தாய் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கும்பிட்டது வீண்போகல பாத்தியா!” என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். விஜயஸ்ரீ முகத்தைக் கொடுத்தபடி அப்படியே நின்றாள்.