டெல்பர்ட் நிற்க வேண்டிய இடம்

பத்தொன்பது வருடமாக பேஸ்பால் ஆட்டத்தில், ஓடுகிறவர்கள் தொட்டு நிற்கும் தளங்களைப் பார்க்கும் அம்பயர் டெல்பர்ட். ஆனாலும் ஒஹையோவில் அவருக்கு வேலை சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. சிறுவர் பேஸ்பாலில், பந்து அடிப்பவனை எட்டும்வரை ஓடுகிறவன் தளத்தை விட்டு நகரக் கூடாது. அதைப் பார்க்கத்தான் சின்ன மைதானத்தில் அம்பயர் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால், தளங்களின் சதுரத்துக்கு வெளியே நிற்பது.

"டிவில எல்லாரும் உள்ள நிக்கறானுங்க. நீ அங்க என்ன, புல்லா மேயுற?" என்று வேலிக்கு அப்பாலிருந்து வாராவாரம் கத்துவார், ஆடும் பையன் ஒருவனின் அப்பா வெண்டல்.

காது புளித்துப்போய் ஒரு சனிக்கிழமை டெல்பர்ட் சதுரத்துக்கு உள்ளே போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் இரண்டாம் தளத்தில் நின்ற எதிரணிப் பையன் பந்து வருமுன்பே கிளம்பியது அவருக்குத் தெரியவில்லை. அவன் எடுத்த அந்த ஓட்டத்தால் வெண்டல் மகனின் அணி தோற்றது.

"வெளிய நின்னிருந்தா பாத்திருக்கலாம்ல?" என்றார் வெண்டல். "இத்தன வருஷமா நிக்கற, இதுகூடவா தெரியாது?"